திரும்பிப் பார்க்காத பிள்ளை

எங்கள் இல்லத்தில் பொற்கொடியின் வீடு மட்டும் தனியாகத் தெரியும். பாய்கள் ஒரே அளவில் சுருட்டிச் சுவரோரம் நிற்கும். பிள்ளைகளின் தட்டில் முகம் பார்க்கலாம். பேன் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. கணபதி என்கிற ஊரில், லேத் பட்டறைகளுக்கு நடுவே இருந்த அந்தக் குழந்தைகள் இல்லத்தில் நான் டைப்பிஸ்ட். ரங்கம்மாள் என்று பெயர், வாய் நீளம் என்று பட்டம். அந்த நீள வாயாலேயே சொல்கிறேன், பொற்கொடியைப் போல வேலை செய்கிறவளை நான் பார்த்ததில்லை. செய்த வேலைக்காக அவளைப் போல வெட்கப்பட்டுச் செத்தவளையும் பார்த்ததில்லை.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் பிறந்தவள். அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் தோட்டத்தில் தக்காளி பறித்து, தென்னைக்குத் தண்ணீர் கட்டிக் காலம் தள்ளியவர்கள். பத்தாவது வரைக்கும் எப்படியோ படிக்க வைத்துவிட்டு, கட்டிக் கொடுத்தார்கள். கட்டினவன் பனியன் கம்பெனி வேலைக்கு என்று திருப்பூர் போனான், போன இடத்தில் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டான். இவள் அழவில்லை, ஆள் வைத்துக் கேட்கவில்லை. ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் இல்லத்துக்கு ஆயா வேலைக்கு வந்துவிட்டாள். “ஏம்புள்ள, ஒரு தடவை போய் அந்த மனுசனைப் பாத்துட்டாவது வரலாம்ல?” என்று நான் கேட்டேன். “போறவங்களைத் திரும்பிப் பாத்தா நம்ம பொழப்புத்தான் கெடும், ரங்கம்மா” என்றாள். கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆயாவாக வந்தவள் சில வருடங்களில் வீட்டம்மா ஆனாள். இல்லத்தில் நாலு வீடுகள். ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், அவர்களோடேயே படுத்து எழுந்திருக்கும் ஒரு வீட்டம்மா. ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளிக்கூடம் திறக்கும்போது வீட்டம்மாக்களை வீடு மாற்றிவிடுவார்கள். அது எங்கள் செயலாளர் கதிரேசன் சார் போட்ட சட்டம். நல்ல மனுஷர், மில்லில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், குழந்தைகள் என்றால் உயிர். “புள்ளைக ஒருத்தர்கிட்டயே ஒட்டிப்போட்டா, நாளைக்குப் பிரியறப்பத் தாங்காதுங்க” என்பார். கேட்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் தோன்றும்.

வீட்டம்மாக்கள் வார லீவில் ஊருக்குப் போவதும் அப்படித்தான். பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு போனால் அழுவார்கள் என்று, அவர்கள் விளையாடிக்கொண்டிருக்கும்போது பொடக்காலிக் கதவு வழியாகப் பின்பக்கம் நழுவிவிடுவார்கள். எல்லா வீட்டிலும் அம்மாமார் செய்வதுதானே! பொற்கொடி அதில் கெட்டிக்காரி. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போவாள். அவள் வீட்டுப் பிள்ளைகள் அழுது யாரும் கேட்டதில்லை. ஆனை வந்தால்கூட அவள் பிள்ளைகள் அசையாது என்று நாங்கள் கேலி பேசுவோம்.

ஒரு ஜூனில் அவளுக்கு ஒதுக்கிய வீட்டில்தான் மாசாணி வந்து சேர்ந்தாள்.

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்ற பிள்ளை. தன் பெயரை மட்டும் சொல்லத் தெரிந்திருந்தது. எங்களிடம் வந்தபோது நாலு வயது இருக்கும். கண் பெரிசு, சிரித்தால் கன்னம் குழியும். எந்தப் பெண்பிள்ளை உள்ளே நுழைந்தாலும் ஓடிப் போய்க் காலைக் கட்டிக்கொண்டு “அம்மா!” என்பாள். வந்தவர்கள் உருகிப் போவார்கள். எங்கள் இல்லத்துக்கு ஊர்க்காரர்கள் பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் சாப்பாடு போட வருவார்கள். அந்த விருந்தாளிகளை ‘ஒறம்பரை’ என்போம். பிள்ளைகள் வரிசையாக நின்று பாட்டுப் பாட வேண்டும், வந்தவர்களுக்கு மாலை போட வேண்டும், மடியில் உட்கார்ந்து போட்டோவுக்குச் சிரிக்க வேண்டும். மற்ற பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி அனுப்ப வேண்டியிருக்கும். மாசாணியை யாரும் தள்ள வேண்டாம். வந்தவர் ஒருவரின் மடியில் அவள் உட்கார்ந்திருக்கும் படம்தான் எங்கள் வருடாந்திர அறிக்கையின் அட்டையில் வந்தது. ஆபீஸில் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தவர்களில் நானும் உண்டு.

“பொற்கொடி வளர்ப்பு!” என்பார் கதிரேசன் சார். பொற்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பெருமையில் அவளுக்குக் காது சிவந்துவிடும்.

தொண்ணூற்றைந்தாம் வருடம் என்று நினைக்கிறேன், எல்லா இல்லங்களின் வீட்டம்மாக்களுக்கும் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஹாலில் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். பிள்ளைகளின் மனதைப் பற்றிய வகுப்பு. நடத்த வந்தவள் அன்புச்செல்வி. போத்தனூர்ப் பெண்தான், பெங்களூரில் போய் இந்தப் படிப்புப் படித்துவிட்டு வந்திருந்தாள். பொற்கொடிக்குப் பத்துப் பதினைந்து வயது இளையவள், சுடிதாரும் தோள் பையுமாக வந்து நின்றாள். பேசுவதைக் குறித்துக்கொண்டு வந்து டைப் அடித்துக் கொடுக்க வேண்டும் என்று என்னையும் அனுப்பியிருந்தார்கள். இதுக்கு ஒரு புள்ளையாவது இருக்குமா, இது நமக்கு வந்து பிள்ளை வளர்க்கச் சொல்லித் தருதா என்று நான் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

“உங்ககிட்ட வளர்ற புள்ளைகள்ல யாராவது ஒருத்தரைப் பத்திச் சொல்லுங்க” என்றாள் அன்புச்செல்வி.

பொற்கொடிதான் எழுந்தாள். சும்மா சொல்லக் கூடாது, அழகாகச் சொன்னாள். மாசாணி வந்த கதை, சிரிப்பு, மாலை போடுவது, மடியில் உட்காருவது, வந்தவர்கள் கண் கலங்குவது எல்லாம் சொன்னாள். “எங்க மாசாணிக்குப் புது ஆளுன்னு பயமே கிடையாதுங்க. யாரு கூப்பிட்டாலும் போவா” என்று முடித்தாள்.

அன்புச்செல்வி கேட்டாள். “கீழே விழுந்து அடிபட்டா யாருகிட்டங்கக்கா ஓடி வருவா?”

“யாருகிட்டயும் வரமாட்டாளுங்க அம்மணி. தானே எந்திரிச்சு மண்ணைத் தட்டிட்டுப் போயிருவா. அத்தனை சமத்து.”

“ஒறம்பரை மடியில உக்காந்திருக்கறப்போ, நீங்க எங்க நிக்கறீங்கன்னு திரும்பிப் பாப்பாளா?”

“ஒருக்காகூடப் பாக்கமாட்டாளுங்க!” என்று பொற்கொடி பெருமையாகச் சொன்னாள்.

அன்புச்செல்வி திட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. திட்டியிருந்தால் நானாவது எழுந்து இரண்டு கேள்வி கேட்டிருப்பேன்.

“அக்கா, தனக்குன்னு ஒரு ஆள் இருக்கற புள்ளை, புது முகத்தைப் பாத்தா முதல்ல அந்த ஆளுக்குப் பின்னாடி ஒளியும். அப்புறம் போனாலும், நம்ம ஆள் அங்கேயே இருக்காங்களான்னு திரும்பித் திரும்பிப் பாக்கும். அழுதா அந்த ஆள்கிட்டத்தான் ஓடி வரும். யாருகிட்ட வேணும்னாலும் போற புள்ளைக்குப் பெரும்பாலும் யாருமே இல்லைன்னு அர்த்தங்க. எல்லாரையும் அம்மாங்கறான்னா, இன்னும் அம்மாவைத் தேடிட்டே இருக்கா.”

பொற்கொடி நின்றபடியே இருந்தாள். முகத்தில் அந்தப் பெருமைச் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எப்படி எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். எனக்கே உடம்பெல்லாம் கூசியது. அட்டையில் வந்த அந்தப் படம் ஞாபகத்துக்கு வந்தது.

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கண்டக்டர் சீட்டுக் கேட்டதுகூடக் காதில் விழவில்லை, நான்தான் வாங்கினேன்.

“அந்தப் பொண்ணு ஏதோ புஸ்தகத்துல படிச்சதைச் சொல்லுது. விட்டுத் தள்ளு புள்ள” என்றேன்.

“இல்ல ரங்கம்மா. அது சொன்னது நெசம். நான்தான் அவளுக்கு அழுகாம இருக்கக் கத்துக் குடுத்தேன். வந்த புதுசுல அழுதாளே, உனக்கு ஞாபகம் இல்லையா? நான்தான், அழுகாத புள்ளைக்குத்தான் முட்டாயின்னு சொல்லிச் சொல்லி நிறுத்தினேன். எத்தனை பேரு கை தட்டினாங்க எனக்கு!” என்றாள். “நாலு பேரு முன்னாடி எந்திரிச்சு நின்னு அதையே பெருமையாச் சொன்னேனே, எனக்கு நாக்கு அழுகிப் போகாதா?”

கணபதி வந்து இறங்கினோம். அவள் நேராகத் தன் வீட்டுக்குப் போகாமல் கேட்டருகே வெகுநேரம் நின்றிருந்தாள்.

மறுவாரம் அன்புச்செல்வியைத் தேடிப் போய், “நான் இனி என்ன பண்ணோணும்னு சொல்லுங்க அம்மணி” என்று கேட்டாள். வயசில் சின்னவளிடம் போய்க் கை கட்டி நிற்பது எங்கள் பக்கத்தில் லேசில் நடக்கிற காரியமா? பொற்கொடி நின்றாள். அன்புச்செல்வி மாதம் ஒரு தடவை இல்லத்துக்கே வந்து அவளோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள்.

பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. மாசாணிக்குத் தலை வாரி விடுவது இனி பொற்கொடிதான், வேறு யாரும் இல்லை. விழுந்தால் பொற்கொடியே ஓடிப்போய்த் தூக்க வேண்டும், “சமத்து” என்று சொல்லக் கூடாது, “வலிக்குதா கண்ணு?” என்று கேட்க வேண்டும். லீவில் போகும்போது எதிரில் நின்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். பொற்கொடி பொடக்காலிக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டாள். தான் நழுவிவிடுவோமோ என்று தனக்கே போட்டுக்கொண்ட பூட்டு அது.

முதல் தடவை அவள், “கண்ணு, அம்மா ஊருக்குப் போயிட்டு நாளைக்குப் பொழுதோட வந்திருவேன்” என்று சொன்னபோது, மாசாணி “டாட்டா!” என்று சிரித்துக்கொண்டே கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். பொற்கொடி என்னிடம் வந்து, “அவளுக்கு நான் போனாலும் ஒண்ணுதான், வந்தாலும் ஒண்ணுதான்” என்றாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்படியே பல மாதங்கள் போயின. ஒரு நாள் மாசாணி கல் தடுக்கி விழுந்தாள். எழுந்து மண்ணைத் தட்டப் போனவள், பாதியில் கையை நிறுத்திவிட்டுப் பொற்கொடி எங்கே என்று பார்த்தாள். அப்புறம் ஓ என்று அழுதாள். ஊரைக் கூட்டுகிற அழுகை. சமையல்காரி காளியாத்தாள் கரண்டியோடு ஓடி வந்தாள். பொற்கொடி பிள்ளையை அள்ளி எடுத்துக்கொண்டு, தானும் அழுதுகொண்டே சிரித்தாள்.

அதற்குப் பிறகு மாசாணி பெண்ணா பிசாசா என்று ஆகிவிட்டது. பொற்கொடி லீவில் கிளம்பினால் கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்துவாள். திரும்பி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், ஒரு தடவை கையைக் கடித்தே விட்டாள். வந்தவர்களெல்லாம் ‘ஆன்ட்டி’ ஆனார்கள், ‘அம்மா’ பொற்கொடி ஒருத்திதான். “கம்முனு இருந்த புள்ளைய அழுவாச்சியாக்கிப் போட்டா! இதுக்குத்தான் வகுப்புக்குப் போனாளாக்கும்!” என்று காளியாத்தாள் இல்லம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கதிரேசன் சாருக்கும் கவலை. சாப்பாடு போட வருகிறவர்கள், “மாசாணிக்கு ஒடம்புக்கு முடியலீங்களா?” என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

ஜூன் மாதம் நெருங்கியது. வீடு மாற்றும் காலம். இந்தத் தடவை பொற்கொடியைப் பையன்கள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. பொற்கொடி ஆபீஸுக்கு வந்து கதிரேசன் சார் முன்னால் நின்றாள். நான் டைப் மிஷினில் கையை வைத்துக்கொண்டு, அடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“சாருங்க, என்னைய அந்த ஊட்டுலயே உட்டுருங்க. மாசாணி இப்பத்தான் ஒரு ஆள்கிட்ட வந்திருக்கா. நானும் போயிட்டா அவ இனி யாரையும் நம்பமாட்டாளுங்க.”

“உங்க நல்ல மனசு எனக்குப் புரியுதுங்க பொற்கொடி. ஆனா முன்னெல்லாம் எப்படி இருந்த புள்ளை! இப்ப பாருங்க” என்றார் அவர். “ஆண்டு விழா வருது. ஒறம்பரை முன்னாடி ஒரு கொறையும் வராமப் பாத்துக்கங்க. பொறவு பேசிக்கலாம்.”

அவ்வளவுதான் சொன்னார். மிரட்டல் எல்லாம் இல்லை. ஆனால் விழா கெட்டால் வீடு மாற்றம்தான் என்பது பொற்கொடிக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது.

விழாவுக்கு வந்தவர் பம்ப்செட் கம்பெனி முதலாளி ஒருவர், மனைவியோடு வந்திருந்தார். அந்த அம்மாள் தங்கமான மனுஷி. வந்து உட்கார்ந்ததும் சுற்றிலும் பார்த்து, “போன தடவை என்னைய அம்மான்னு கூப்பிட்டுச்சே, அந்தக் கண்ணு எங்கீங்க?” என்று ஆசையாகக் கேட்டார்.

மாசாணி பொற்கொடிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டாள். அன்புச்செல்வி சொன்னாளே, தனக்கென்று ஆள் இருக்கிற பிள்ளை பின்னாடி ஒளியும் என்று. அந்த ஒரு காட்சிக்காகப் பொற்கொடி எத்தனை மாதம் காத்திருந்தாள்! அது இந்த விழாவில், இத்தனை பேர் முன்னால்தான் வர வேண்டுமா?

“வா கண்ணு, வா” என்று அந்த அம்மாள் கையை நீட்டினார். போட்டோகிராபர் தயாராக நின்றார். கதிரேசன் சார் பொற்கொடியைப் பார்த்தார். கூட்டம் முழுக்கப் பொற்கொடியைப் பார்த்தது.

பொற்கொடி குனிந்தாள். முந்தானையைப் பிடித்திருந்த சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். “போ கண்ணு. ஒறம்பரை வந்திருக்காங்கல்ல? அம்மா மானத்தை வாங்காத” என்றாள்.

மாசாணி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவிட்சைப் போட்ட மாதிரி அந்தப் பழைய சிரிப்பு வந்தது. ஓடிப் போய் மாலையைப் போட்டாள், மடியில் ஏறி உட்கார்ந்தாள், “அம்மா!” என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அன்று சாயங்காலமே கதிரேசன் சார், “அருமையுங்க பொற்கொடி! நீங்க அந்த ஊட்டுலயே இருங்க” என்று சொல்லிவிட்டார். ஆர்டரை நான்தான் டைப் அடித்தேன். கேட்டது கிடைத்துவிட்டது. எதற்காகக் கேட்டாளோ அது போய்விட்டது.

மறுநாளிலிருந்து காளியாத்தாளும் அம்மா, பால்காரர் சம்சாரமும் அம்மா, கீரை விற்க வந்தவளும் அம்மா. பொற்கொடி லீவில் கிளம்பினால், “டாட்டா!” விழுந்தால் தானே எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு போவாள். “பழையபடி சமத்தாயிட்டா” என்று காளியாத்தாள் சந்தோஷப்பட்டாள். எனக்கு அவளை நாலு வார்த்தை கேட்க வாய் துடித்தது. காளியாத்தாளை மட்டும் கேட்டு என்ன ஆகப் போகிறது என்று அடக்கிக்கொண்டேன்.

பொற்கொடி சரியாகச் சாப்பிடவில்லை. யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. அன்புச்செல்வி வந்த அன்று, “இந்த வேலைக்கு எனக்குத் தகுதி இல்லீங்க அம்மணி. நான் மூட்டை கட்டிட்டு ஊருக்கே போயிர்றேன். பெத்தவ பஸ் ஸ்டாண்டுல உட்டுட்டுப் போனா, நான் சபையில வெச்சு உட்டுட்டேன்” என்றாள்.

அன்புச்செல்விக்கு அன்றைக்குத்தான் கோபம் வந்து பார்த்தேன். “போங்கக்கா, போங்க. அவளை இன்னொருத்தரும் உட்டுட்டுப் போன கணக்காயிரும். நீங்க வெட்கப்படறது உங்களைப் பத்தித்தானுங்க. அதுல அவளுக்கு என்ன இருக்கு? நீங்க தலையைக் குனிஞ்சுட்டே இருந்தா அவளுக்கு உங்க முகமே தெரியாது. போய் அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க.”

“குழந்தைகிட்டயா?”

“தப்புப் பண்ணினது குழந்தைகிட்டத்தானே!”

பெரியவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பதை எங்கள் வீடுகளில் யார் கண்டது? எங்கப்பன் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. பொற்கொடி தலை வாரிவிடும்போது கேட்டாள். நான் ரிப்பன் கட்டுக் கொடுக்கப் போயிருந்தேன், வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“கண்ணு, அன்னிக்கு நீ பயந்துட்டு எங்கிட்ட வந்த. நான் உன்னையப் பாக்காம ஒறம்பரையைப் பாத்தேன். உன் கையைப் பிரிச்சு உட்டேன். அது அம்மா பண்ணின தப்பு. உன்மேல ஒரு தப்பும் இல்ல சாமி.”

மாசாணி கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “சரிங்கம்மா. செவப்பு ரிப்பன் கட்டுங்க” என்றாள்.

அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை. பொற்கொடி சிவப்பு ரிப்பன் கட்டினாள். மறுநாளும் தலை வாரினாள். அதற்கு மறுநாளும் வாரினாள்.

அடுத்து வந்த மாதங்களில் பொற்கொடி ஆளே மாறினாள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அப்படி ஒன்றும் இல்லை. அதே சுத்தம், அதே வேலை. வேலை மட்டும் கற்றுக்கொண்டாள். அன்புச்செல்வி கொடுத்ததையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்தாள், புரியாததைக் கேட்டாள். சின்னப் பிள்ளைகள் வீட்டுக்காவது வீட்டம்மாவை மாற்றக் கூடாது என்று கதிரேசன் சாரிடம் வாதாடி வாங்கினாள். நாலு வீட்டுப் பொடக்காலிக் கதவுக்கும் பூட்டு விழுந்தது. மற்ற இல்லங்களின் வீட்டம்மாக்களுக்குச் சொல்லித் தர அன்புச்செல்வி அவளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனாள். அங்கேயெல்லாம் பொற்கொடி முதலில் சொல்வது இந்த விரல் பிரித்த கதையைத்தான். சொல்லும்போது கழுத்து வரைக்கும் சிவந்து போகும், குரல் உள்ளே போய்விடும்.

“ஏம்புள்ள, உன் மானத்தை நீயே இப்படி ஊர் ஊராக் கொண்டு போய்க் கொட்டற? வேற பேச்சே கெடைக்கலையா உனக்கு?” என்று ஒரு நாள் கத்தினேன்.

“மத்ததெல்லாம் நான் படிச்சது, ரங்கம்மா. இது ஒண்ணுதான் நான் பண்ணினது” என்றாள்.

அடுத்த ஆண்டு விழா வந்தது. அதே பம்ப்செட் முதலாளியும் மனைவியும் வந்து மேடையில் உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்தது. அந்த அம்மாள் கையை நீட்டி, “எங்க கண்ணு மாசாணி?” என்றார். மாசாணி வரிசையில் நின்றிருந்தாள். பொற்கொடி போய் அவளுக்கு முன்னால் நின்றாள். எப்போதும் சத்தம் போட்டுப் பேசாதவள், அன்று கூட்டம் முழுக்கக் கேட்கும்படி பேசினாள்.

“மன்னிச்சுக்கோணுமுங்க. எங்க ஊட்டுப் புள்ளைகளை நாங்க மடிக்கு அனுப்பறது இல்லீங்க. அவிகளா வந்தா வருவாங்க. இல்லீன்னா யாரும் கோவிச்சுக்கக் கூடாதுங்க.”

கதிரேசன் சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. மைக்கைப் பிடித்து, “சாப்பாடு தயாரா இருக்குதுங்க” என்று சம்பந்தமில்லாமல் எதையோ சொன்னார். அந்த அம்மாள் நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். எனக்கோ எழுந்து விசில் அடிக்கலாம் போல இருந்தது.

அப்போது மாசாணி பொற்கொடியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். அதே சிரிப்பு. தானாகவே போய் மாலையைப் போட்டாள், மடியில் ஏறி உட்கார்ந்தாள். யாரோ சிரித்தார்கள். “பாருங்க, புள்ளைக்கே ஆசை” என்றார்கள். கையில் ஒரு லட்டு கொடுத்தார்கள்.

பொற்கொடி தூணருகே நின்றாள். அவளுடைய தலை மெல்லக் கவிழ்ந்தது. ஊரைக் கூட்டி வைத்துப் பேசிய பேச்சும் வீண், ஒரு வருடம் வாரிய தலையும் வீண் என்று அவள் நினைப்பது எனக்குத் தெரிந்தது. தரை பிளந்து விழுங்கினால் போதும் என்பது போல நின்றாள். நான் அவளைப் பார்ப்பதை விட்டுவிட்டு மேடையைப் பார்த்தேன்.

மாசாணியின் முகத்தில் சிரிப்பு இல்லை. லட்டைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பிக் கூட்டத்தில் தேடிக்கொண்டிருந்தாள். வரிசையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், தூணைப் பார்த்தாள். தூணருகே பொற்கொடியின் உச்சி வகிடுதான் தெரிந்தது. முகம் தெரியவில்லை. பிள்ளையின் உதடு நடுங்கியது. இன்னும் ஒரு நிமிஷம் போனால் அந்தப் பாழாய்ப்போன சிரிப்பு திரும்ப வந்துவிடும்.

“ஏ புள்ள பொற்கொடி! தலையத் தூக்கு! உன்னையத்தான் தேடறா!” என்று கத்திவிட்டேன்.

கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. முதலாளி பார்த்தார், கதிரேசன் சார் பார்த்தார். பார்க்கட்டுமே!

பொற்கொடி நிமிர்ந்தாள். கண்ணீர் வழிந்த முகம், துடைக்கவும் இல்லை. மாசாணி அந்த முகத்தைக் கண்டுபிடித்தாள். கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு திரும்பி உட்கார்ந்து லட்டைக் கடித்தாள். ஒரு கடி கடித்துவிட்டு மறுபடியும் திரும்பிப் பார்த்தாள்.

அந்த லட்டு தீரும்வரை பொற்கொடி தலையைக் குனியவில்லை. குனிந்திருந்தால் நானே போய் அவள் மோவாயைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியிருப்பேன்.